சாவா மூவாப் பேராடு

காலை ஏழு மணி. தஞ்சைப் பெரிய கோயிலின் மேற்குத் திருச்சுற்றில் ஒரு தாத்தாவும், நான்காம் வகுப்பில் படிக்கும் அவருடைய பேத்தியும் வலம் வந்துகொண்டிருக்கிறார்கள். பேத்தியின் கையில் கோடு போட்ட ஒரு நோட்டுப் புத்தகம். “பழைய காலத்தில் நடப்பதாக ஒரு கதை எழுதி வரவேண்டும்” என்று பள்ளியில் விடுமுறைப் பணி கொடுத்திருக்கிறார்கள். தாத்தாவுக்குப் பெருமகிழ்ச்சி. வீட்டிலிருந்து புறப்படும்போதே முதல் வரியைச் சொல்லிக் கொடுத்துவிட்டார்: “நிழல் தரையில் விழாத விமானத்தை எழுப்பிய மாமன்னர் இராஜராஜ சோழர், ஒரு நாள் யானை மீது ஏறி வந்தார்.”

விமானத்தின் பின்புறம் வந்ததும் சிறுமி நின்றாள். தரையைப் பார்த்தாள். கிழக்கே ஏறிவரும் கதிரவனைப் பார்த்தாள். பிறகு தாத்தாவின் முகத்தைப் பார்த்தாள்.

“தாத்தா, வெயில் அங்கே அடிக்கிறது. இங்கே குளிர்ச்சியாக இருக்கிறது. நாம் இப்போது எதனுடைய நிழலில் நிற்கிறோம்?”

தாத்தாவால் உடனே விடை சொல்ல முடியவில்லை. அறுபது ஆண்டுகளாக அந்தக் கோயிலுக்கு வருபவர் அவர். வெளியூரிலிருந்து வந்த உறவினர் அத்தனை பேருக்கும் அந்தச் செய்தியைப் பெருமையோடு சொன்னவர். ஆனால் ஒரு நாளேனும் தரையைக் குனிந்து பார்த்ததில்லை.

இப்படி ஒரு காட்சி எந்தக் குடும்பத்திலும் நிகழக்கூடியதே. அந்த நேரத்தில் பெரியவர் சொல்லும் விடையில்தான் குழந்தையின் பக்தியும், வரலாற்றின் மீது அதற்கு உண்டாகும் மதிப்பும் அடங்கியிருக்கின்றன. “பெரியவர்கள் சொன்னால் கேட்டுக்கொள்” என்று அதட்டிவிடலாம். குழந்தை வாயை மூடிக்கொள்ளும். ஆனால் கண்ணை மூடிக்கொள்ளாது. அடுத்த முறை தாத்தா சொல்லும் உண்மையையும் அது ஐயத்தோடுதான் கேட்கும்.

இந்தத் தாத்தா நல்லவர். சிறிது நேரம் மௌனமாக நின்றுவிட்டுச் சொன்னார்: “நீ சொல்வதுதான் சரியம்மா. இது விமானத்தின் நிழல்தான். நான் கேட்டதைச் சொன்னேன். நீ கண்டதைச் சொல்கிறாய். உன் கதையில் கண்டதையே எழுது.”

உண்மையில், சித்திரை மாதத் தொடக்கத்தில் கதிரவன் தஞ்சைக்கு நேர் மேலே வரும் உச்சிவேளையில் விமானத்தின் நிழல் தன் அடித்தளத்துக்குள்ளேயே ஒடுங்கிவிடும். காலையிலும் மாலையிலும் அது தரையில் நீண்டு விழவே செய்கிறது. இருநூறு அடிக்கு மேல் ஓங்கி நிற்கும் கற்றளி அது. நிழல் விழுவதால் அதன் பெருமை ஓர் அங்குலமும் குறைவதில்லை. அந்தப் பெரிய நிழலில் ஆயிரம் ஆண்டுகளாக அடியார்கள் இளைப்பாறி வருகிறார்கள் என்பதும் ஒரு பெருமைதானே!

நோட்டில் மூன்று பகுதிகள்

சரித்திரக் கதை எழுதப் பிள்ளைகளைப் பழக்குவோர் முதலில் கற்பிக்க வேண்டியது கதையை அன்று, பிரித்தறியும் பழக்கத்தை. அதற்கு எளிய வழி ஒன்று உண்டு. நோட்டுப் புத்தகத்தை மூன்று பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு தலைப்பு எழுதச் சொல்லலாம்: கல்வெட்டு, கர்ணபரம்பரை, கற்பனை.

கல்லிலும் செப்பேட்டிலும் ஆய்ந்தறிந்த நூல்களிலும் உள்ளவை முதல் பகுதிக்கு உரியவை. செவிவழியாக வந்தவை இரண்டாம் பகுதிக்கு உரியவை. குழந்தை தானே புனைந்துகொள்பவை மூன்றாம் பகுதிக்கு உரியவை. மூன்றில் எதுவும் தாழ்ந்ததன்று. ஒன்றை மற்றொன்றின் பகுதியில் எழுதிவிடுவதுதான் பிழை.

அவ்வாறு இடம் மாறிப் போனால் என்ன நேரும் என்பதற்குப் பெரிய கோயிலே சான்று. இதைக் கட்டியவர் இராஜராஜ சோழர் என்பது இன்று தொடக்கப்பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் 19ஆம் நூற்றாண்டில் பெரும்பாலோர்க்கு இது தெரியாது. கரிகாலன் கட்டினான் என்றும், வேறொரு சோழன் கட்டினான் என்றும் பலவாறாகச் சொல்லிவந்தனர். 1886இல் கல்வெட்டாய்வாளராகப் பொறுப்பேற்ற ஹுல்ஷ் என்னும் ஜெர்மானிய அறிஞர் இக்கோயிலின் கல்வெட்டுகளைப் படித்து வெளியிட்ட பிறகுதான், கட்டியவரின் பெயர் ஐயத்துக்கு இடமின்றி உலகுக்கு மீண்டும் தெரியவந்தது. அதுவரை அந்தப் பெயர் கோயிலின் சுவரிலேயே காத்திருந்தது. நாள்தோறும் நூற்றுக்கணக்கானோர் அதைக் கடந்து சென்றனர், படிப்பாரில்லை.

ஆகவே, கல்வெட்டு என்பது என்ன என்று குழந்தைக்குக் காட்டுவதே முதற்பாடம். அதிட்டானத்தில் வரிவரியாக ஓடும் எழுத்துகளைக் காட்டி, அவற்றில் இன்றும் அடையாளம் தெரியும் ஓரிரு எழுத்துகளைத் தேடிப்பிடிக்கச் சொன்னால் பிள்ளைகள் புதையல் கண்டதுபோல் துள்ளுவார்கள். அதே வேளையில் பெரியவர்களும் தம் கைகளைக் காத்துக்கொள்ள வேண்டும். கல்வெட்டின் மேல் விளக்கேற்றி வைப்பதும், மிஞ்சிய திருநீற்றையும் குங்குமத்தையும் அதன் மீது அப்பிவிட்டு வருவதும் பல கோயில்களில் வழக்கமாகிவிட்டன. அந்த எண்ணெய்ப் பிசுக்குக்குக் கீழே மறைந்து கிடப்பது ஒருவேளை நம் முன்னோர் ஒருவரின் கொடையாக இருக்கலாம்.

சேக்கிழார் பெருமான் நடந்த வழி

சிறு குறிப்பிலிருந்து ஒரு வாழ்க்கையை விரித்துக் காட்டும் கலை நமக்குப் புதியதன்று. திருவாரூரில் சுந்தரமூர்த்தி சுவாமிகள் பாடியருளிய திருத்தொண்டத்தொகை பதினொரு பாடல்களே கொண்டது. அடியார் பலருக்கு அதில் கிடைப்பது ஒரு பெயரும் ஓர் அடைமொழியும் மட்டுமே. நம்பியாண்டார் நம்பி திருத்தொண்டர் திருவந்தாதியில் அதனைச் சற்றே விரித்தார். பின்னர் 12ஆம் நூற்றாண்டில், சோழப் பேரரசில் அமைச்சராக விளங்கிய குன்றத்தூர்ச் சேக்கிழார், அந்த வித்துகளை நாலாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்களாக வளர்த்துப் பெரிய புராணமாக அருளினார்.

பெரிய புராணம் புனைகதையன்று; அடியார்க்கு அது வேதம். ஆயினும், அதை அவர் ஆக்கிய முறையில் எழுதப் பழகும் பிள்ளைக்கும் ஒரு பாடம் உண்டு. ஒவ்வோர் அடியாரின் வரலாற்றையும் தொடங்கும்போது அவர் நேரே அற்புதத்துக்குப் போய்விடுவதில்லை. முதலில் நாட்டைக் காட்டுவார், ஊரைக் காட்டுவார், அவ்வூரின் வயலையும் நீரையும் தெருவையும் காட்டுவார், அடியார் செய்த தொழிலைக் காட்டுவார். குயவரும், வண்ணாரும், மீனவரும், எண்ணெய் வாணிகரும் தத்தம் தொழிலோடுதான் நம் முன் வருகிறார்கள். திருநீலகண்டர் மண் ஓடு வனைகிறார். அதிபத்தர் வலை வீசுகிறார். தொழில் தெரிந்த பிறகுதான் தொண்டு தெரிகிறது.

பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியதும் இதுவே: “உன் கதையில் வருபவர் எந்த ஊர்? என்ன வேலை செய்கிறார்? காலையில் எழுந்ததும் முதலில் எங்கே போகிறார்?” இந்த மூன்றுக்கும் விடை கிடைத்துவிட்டால் கதை பாதி எழுதப்பட்டுவிட்டது.

ஒரு விளக்கு போதும்

“இராஜராஜ சோழரைப் பற்றி எழுது” என்றால் குழந்தை மலைத்துப் போகும். போரும் யானையும் கிரீடமும் திரைப்படத்தில் கண்ட வசனமும்தான் நோட்டில் இறங்கும். குழந்தையின் கைக்கு அடங்குவது சிறு பொருளே. ஒரு விளக்கு, ஒரு மணி, ஒரு பானை, ஒரு மாலை ஆகிய இவற்றில் ஒன்று போதும்.

தாத்தா பேத்தியைக் கூட்டிக்கொண்டுபோய்க் கருவறை விளக்கைக் காட்டினார். “ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பும் இங்கே விளக்கு எரிந்தது. அதற்கு நெய் எங்கிருந்து வந்திருக்கும், சொல் பார்ப்போம்?”

“கடையிலிருந்தா?”

அவளுக்குத் தெரிந்த நெய் புட்டியில் வருவது. தாத்தா விளக்கினார்.

பெரிய கோயிலின் கல்வெட்டுகளில் இதற்குத் தெளிவான கணக்கு இருக்கிறது. ஒரு திருவிளக்குக்கு நாள்தோறும் ஓர் உழக்கு நெய். அதற்காக 96 ஆடுகள், அல்லது 48 பசுக்கள், அல்லது 16 எருமைகள் இடையர்களிடம் ஒப்படைக்கப்பட்டன. அவர்கள் அந்தக் கால்நடைகளை மேய்த்து வளர்த்துக்கொண்டு, ‘ஆடவல்லான்’ என்று இறைவன் பெயர் சூட்டிய அளவால் நெய்யை அளந்து கொடுத்துவரவேண்டும். ஒரு நாள் இரண்டு நாள் அன்று; சந்திர சூரியர் உள்ளவரை.

சோழர் காலக் கல்வெட்டுகளில் இத்தகைய ஆடுகளுக்கு ஓர் அழகிய பெயர் உண்டு: சாவா மூவாப் பேராடு. சாகாத, மூப்படையாத ஆடுகள்!

சிறுமியின் கண்கள் விரிந்தன. “சாகாத ஆடா? அது எப்படித் தாத்தா முடியும்? மந்திரமா?”

“நீயே யோசித்துப் பார்” என்றார் தாத்தா. விடை அவருக்குத் தெரியும், ஆயினும் சொல்லவில்லை. இந்த ஒன்றில் அவர் கைதேர்ந்த ஆசிரியர் ஆகிவிட்டார். குழந்தை தானே கண்டுபிடிக்க வேண்டிய விடையை முந்திக்கொண்டு சொல்லிவிடும் பெரியவர், அதன் கதையைத் திருடிக்கொள்கிறார்.

வீட்டுக்கு வந்ததும் பாட்டி சமையலறைப் பரணிலிருந்து பித்தளை ஆழாக்கை எடுத்துக் காட்டினார். “இதில் இரண்டு அளந்தால் ஓர் உழக்கு.” சிறுமி ஆழாக்கில் தண்ணீரை மொண்டு இரண்டு முறை கிண்ணத்தில் ஊற்றிப் பார்த்தாள். இவ்வளவு நெய், தினமும். ஓர் ஆடு எவ்வளவு பால் தரும்? அதில் எவ்வளவு வெண்ணெய் திரளும்? கணக்குப் பாடமும் சரித்திரப் பாடமும் ஒரே கிண்ணத்தில் சேர்ந்துவிட்டன.

மிளகாய் இல்லாத சமையல்

மறுநாள் கதையின் முதல் பக்கம் எழுதப்பட்டது. இடையர் குலத்தில் பிறந்த பத்து வயதுச் சிறுமி ஒருத்தி. அவளுடைய தந்தையிடம் கோயில் விளக்குக்கான 96 ஆடுகள் இருக்கின்றன. மாலைதோறும் அவற்றைப் பட்டியில் எண்ணி அடைப்பது அவள் வேலை. நல்ல தொடக்கம். ஆனால் அடுத்த சில வரிகளிலேயே அவள் காலையில் காபி குடித்தாள். அம்மா மிளகாய்ப்பொடி தடவிய இட்லியைத் தூக்கில் கட்டிக்கொடுத்தாள். அப்பா ‘ஓகே’ என்றார். ஆடுகள் ஐந்து நிமிடத்தில் ஆற்றங்கரையை அடைந்தன.

தாத்தா சிரித்துவிட்டார். சிறுமியின் முகம் வாடியது. பாட்டிதான் சமாளித்தார்.

“கண்ணு, தாத்தாவின் அப்பாவுக்குத் திவசம் வரும்போது நான் எப்படிச் சமைப்பேன், நினைவிருக்கிறதா?”

“காரமே இருக்காது. மிளகு போடுவீர்கள். உருளைக்கிழங்கு இருக்காது. தக்காளி இருக்காது.”

“அதுதான் உன் கதையில் வரும் அம்மாவின் சமையல்.”

எத்துணைப் பொருத்தமான விளக்கம்! மிளகாய், தக்காளி, உருளைக்கிழங்கு, நிலக்கடலை, கொய்யா, பப்பாளி ஆகிய அனைத்தும் அமெரிக்கக் கண்டத்தில் தோன்றியவை. 1498இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டில் வந்திறங்கிய பின், ஐரோப்பியர் வழியாகவே அவை படிப்படியாக நம் நாட்டுக்கு வந்தன. இராஜராஜர் காலத்தில் காரம் என்றால் மிளகும் இஞ்சியும் திப்பிலியுமே. பல குடும்பங்களில் நீத்தார் கடன் சமையல் இன்றும் அந்தப் பழைய அடுக்களையைக் கைவிடாமல் காத்துவருகிறது. பேரப்பிள்ளைகளுக்குச் சரித்திரம் கற்பிக்கும் நூலகம் பாட்டியின் அஞ்சறைப்பெட்டிக்குள் இருப்பதை இதனால் உணரலாம்.

நேரமும் அப்படித்தான். நிமிடமும் மணியும் சொல்லாமல் பொழுதைச் சொல்லப் பழக்கவேண்டும். ஒரு நாழிகைக்கு 24 நிமிடம். அறுபது நாழிகை ஒரு நாள். கோழி கூவும் பொழுது, உச்சிப்பொழுது, விளக்கு வைக்கும் பொழுது என்றெல்லாம் முதியோர் நாவில் இன்றும் வழங்கும் சொற்களே போதுமானவை. காகிதத்துக்கு ஓலை, பேனாவுக்கு எழுத்தாணி.

கோயிலின் தோற்றத்திலும் கவனம் வேண்டும். இன்று நாம் தொழும் அனைத்தும் 1010ஆம் ஆண்டில் இருந்தவை அல்ல. அம்மன் சந்நிதி பின்னாளில் பாண்டியர் காலத்தில் எழுந்தது. முருகன் சந்நிதியும், வெயிலிலும் மழையிலும் பிள்ளைகள் அண்ணாந்து பார்க்கும் பெரிய நந்தியும் நாயக்கர் காலத்தவை. ஆகவே கதையில் வரும் இடைச்சிறுமி அந்த நந்தியைக் கண்டு வணங்கினாள் என்று எழுதினால் பிழையாகிவிடும். ‘பின்னே வந்தவர்களும் தம் பங்குக்குக் கொடுத்துக்கொண்டே இருந்தார்கள்’ என்று இதைக் குழந்தைக்கு விளக்கலாம். கோயில் ஒரே நாளில் முடிந்துபோன பொருள் அன்று என்பது அப்போது அதற்கு விளங்கும்.

இவ்வாறு திருத்தும்போது ஒரு முறையும் உண்டு. எழுதுகிறபோதே எழுத்துப்பிழை பார்த்தால் குழந்தையின் கை நின்றுவிடும். முதலில் வாயால் கதை சொல்லச் சொல்லிக் கேட்கவேண்டும், பிறகு எழுதவிடவேண்டும், காலப்பிழை அதற்குப் பின், எழுத்துப்பிழை கடைசி.

மன்னர் வராத கதை

மூன்றாம் நாள் கதையில் இடர் வந்தது. ஐப்பசி மாதத்து அடைமழை; ஆற்றில் வெள்ளம். பட்டிக்குள் நீர் புகுந்து ஐந்து ஆடுகள் இறந்துபோயின. மாலையில் சிறுமி எண்ணுகிறாள், 91தான் இருக்கின்றன. மறுபடி எண்ணுகிறாள், அதே 91. விடிந்தால் நெய் அளக்கவேண்டும். தந்தைக்குக் காய்ச்சல். இவ்வளவில் எழுதுகோல் நின்றுவிட்டது.

தாத்தா உற்சாகமாக முன்வந்தார். “இப்போதுதான் இராஜராஜ சோழர் வரவேண்டும்! மாறுவேடத்தில் வருகிறார், சிறுமியின் கண்ணீரைக் காண்கிறார், பொற்காசுப் பையைக் கொடுக்கிறார்.”

பேத்தி நெடுநேரம் யோசித்தாள். பிறகு தயக்கத்தோடு சொன்னாள்: “வேண்டாம் தாத்தா. ராஜாவுக்கு இவளைத் தெரியவே தெரியாது. இவள் வீட்டில் மழை பெய்தால் ராஜாவுக்கு எப்படித் தெரியும்?”

அந்தச் சொல்லில் அடங்கிய உண்மையைத் தாத்தா மறுக்கவில்லை. உலகில் பெரும்பாலோர் வீட்டில் மழை பெய்யும்போது மன்னர் வருவதில்லை. யார் வருவார்கள்?

அதற்கு விடை தேட அவர்கள் மீண்டும் முதல் பகுதிக்கு, கல்வெட்டுப் பகுதிக்குச் சென்றனர். பெரிய கோயிலின் சுவர்களில் எவர் எவர் பெயர்கள் இருக்கின்றன? மன்னரும் அவருடைய தமக்கை குந்தவையாரும் தேவியரும் மட்டுமா இருக்கிறார்கள்? தலைமைச் சிற்பியாக விளங்கிய குஞ்சரமல்லன் என்னும் இராஜராஜப் பெருந்தச்சர் இருக்கிறார். திருப்பதியம் விண்ணப்பம் செய்த 48 பேர் இருக்கின்றனர். பல ஊர்க் கோயில்களிலிருந்து வந்து ஆடல் தொண்டு புரிந்த 400 தளிச்சேரிப் பெண்டுகள், எந்தத் தெருவில் எத்தனையாவது வீடு என்ற கணக்கோடு இருக்கின்றனர். விளக்கேற்றுவோர், குடை பிடிப்போர், நீர் தெளிப்போர், குயவர், வண்ணார், நாவிதர், தையற்காரர் என எல்லார்க்கும் அங்கே இடமுண்டு. விளக்குக்கான கால்நடைகளைப் பெற்ற இடையர்களும் இருக்கின்றனர்.

“ஒரே ஓர் இடையர் மட்டும் இல்லை, பலர் இருக்கிறார்கள்” என்றாள் பேத்தி. “அப்படியென்றால் பக்கத்து வீட்டிலும் ஆடு இருக்கும்!”

கதை தானே நகர்ந்தது. இடைச்சிறுமி மழையில் நனைந்துகொண்டு அடுத்த பட்டிக்குப் போகிறாள். அங்குள்ள பாட்டி தன் பங்கில் ஓர் ஆழாக்கு நெய் தருகிறாள். அதற்கடுத்த வீட்டில் இன்னோர் ஆழாக்கு. உழக்கு நிறைகிறது. விடியற்காலையில் விளக்கு எரிகிறது. அடுத்த மாதம் சினையாடுகள் ஈனுகின்றன. ஒரு மாலை அவள் பட்டியில் எண்ணும்போது மீண்டும் 96.

கடைசி வரியை எழுதிவிட்டு அவள் கத்தினாள்: “தாத்தா, கண்டுபிடித்துவிட்டேன்! ஆடு செத்துப்போகும். ஆனால் குட்டி பிறக்கும். எண்ணிக்கை மட்டும் சாகாது!”

சாவா மூவாப் பேராடு என்பதன் பொருள் அதுவே. இறந்தவற்றின் இடத்தில் பிறந்தவற்றைச் சேர்த்து, தொகை குறையாமல் காத்துவருவது. தாத்தா பேத்தியின் தலையில் கைவைத்தார். அவர் மனத்தில் ஆடுகளின் கணக்கோடு வேறொரு கணக்கும் ஓடியிருக்கவேண்டும். அவருடைய தாத்தா கைப்பிடித்து அழைத்துவந்த அதே கோயில். இன்று அவர் கையைப் பிடித்து இவள் வருகிறாள்.

மூதாட்டியின் கல்

ஒன்று மட்டும் மிஞ்சியது: இரண்டாம் பகுதி, கர்ணபரம்பரை. அதில் நிழல் விழாத செய்தியை எழுதி, ‘பார்த்தேன், விழுகிறது’ என்று பேத்தி குறித்துவைத்திருந்தாள். அதன் கீழே பாட்டி சொன்ன கதை ஒன்று இருந்தது. தஞ்சைப் பகுதியில் பலரும் அறிந்தது அது.

அழகி என்னும் இடையர் குல மூதாட்டி, கோயில் பணி செய்த சிற்பிகளுக்கு நாள்தோறும் மோர் கொடுத்துவந்தாள். விமானத்தின் உச்சிக்குக் கல் தேவைப்பட்டபோது தன் வீட்டு வாயிலில் கிடந்த பெருங்கல்லைத் தந்தாள். பின்னர் மன்னரின் கனவில் இறைவன் தோன்றி, தாம் அந்த மூதாட்டி தந்த நிழலில் இருப்பதாகச் சொன்னார் என்பது கதை.

“இதுவும் பொய்யா தாத்தா?”

கல்வெட்டில் அப்படியொரு செய்தி இல்லை. அதைத் தாத்தா மறைக்கவில்லை. ஆனால் அதோடு நிறுத்தவும் இல்லை. “கல்லில் இருப்பது என்ன தெரியுமா? தாம் கொடுத்தவற்றையும், தம் அக்கா கொடுத்தவற்றையும், தம் தேவியர் கொடுத்தவற்றையும், அவர்களோடு மற்றவர்கள் கொடுத்தவற்றையும் விமானத்திலேயே வெட்டுக என்று மன்னர் ஆணையிட்டார். அது கல்லில் இருக்கிறது. அழகி இருந்தாளா என்று நமக்குத் தெரியாது. ஆனால் எளியவர் கொடுத்ததும் இறைவன் சந்நிதியில் பதிவாகும் என்பது பொய்யில்லை. அதைத்தான் மக்கள் ஒரு பாட்டியாக்கிச் சொல்லியிருக்கிறார்கள்.”

செவிவழிக் கதையைக் குழந்தையிடம் எவ்வாறு கையளிக்கவேண்டும் என்பதற்கு இதைவிடச் சிறந்த முறை இல்லை. ‘நடந்தது’ என்று சாதிக்கவும் வேண்டாம்; ‘வெறும் கட்டுக்கதை’ என்று தூக்கி எறியவும் வேண்டாம். எந்தப் பகுதிக்கு உரியதோ அந்தப் பகுதியில் எழுதிவைத்து, அதன் உட்பொருளைச் சொல்லிவிட்டால் போதும். 1950 முதல் 1954 வரை வாரந்தோறும் பொன்னியின் செல்வனுக்காகக் காத்திருந்து படித்த தலைமுறைக்கு இது புரியும். ஆதித்த கரிகாலர் கொலையுண்டதற்கு உடையார்குடிக் கல்வெட்டு சான்று. நந்தினியோ கல்கி அவர்களின் படைப்பு. இரண்டையும் பிரித்தறிந்தபோதும் அந்தக் கதையின் சுவை எவருக்கும் குறைந்ததில்லை.

பேத்தி கதையின் முடிவில் நான்கு வரிகள் சேர்த்தாள்: “96 ஆடும் ஓர் உழக்கு நெய்யும் உண்மை. சிறுமியும் மழையும் என் கற்பனை. மோர் கொடுத்த பாட்டியை என் பாட்டி சொன்னார்கள். விமானத்துக்கு நிழல் உண்டு, நான் அதில் நின்றேன்.”

இத்தகைய நேர்மையோடு எழுதப் பழகிய குழந்தை நாளை எந்தக் கதையைக் கேட்டாலும் மயங்காது. எந்தக் கல்வெட்டைக் கண்டாலும் அலட்சியம் செய்யாது.

இதற்குத் தஞ்சைக்கே செல்லவேண்டும் என்பதில்லை. தமிழகத்தில் பழைய கோயில் இல்லாத வட்டாரம் அரிது. அடுத்த பிரதோஷத்துக்குச் செல்லும்போது பேரனையோ பேத்தியையோ உடன் அழைத்துச் செல்லலாம். தரிசனம் முடிந்ததும் உடனே திரும்பிவிடாமல், திருச்சுற்றில் அரை நாழிகை அமர்ந்து ஒரே ஒரு பொருளைக் காட்டிக் கேட்கலாம்: “இதைக் கொடுத்தவர் யாராக இருப்பார்? அன்று அவர் வீட்டில் என்ன நடந்திருக்கும்?” விடை சொல்ல முந்தாமல் காத்திருக்கலாம். குழந்தை தரையைப் பார்க்கச் சொன்னால், தயங்காமல் குனிந்தும் பார்க்கலாம்.

விளக்குக்கு நெய் கொடுத்தவர்கள் தொகை குறையாமல் காத்தார்கள். கதை சொல்லும் பெரியோர்க்கும் அதுவே கடன். சொல்வோர் மறையலாம், கேட்டுச் சொல்வோர் பிறந்துகொண்டே இருக்கவேண்டும். பெருவுடையார் திருவருளால் அந்தத் தொகை என்றும் குறையாதிருப்பதாக.